தயவுகூர்ந்து என்ற சொல் இல்லாத கடிதம்: ஓர் அரசுப் பள்ளியின் மாதிரி அலுவலகம், 2023-24

பின்னணி

சிவகாசி வட்டாரத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவின் ஆசிரியையாக இருக்கிறேன். தமிழ்நாட்டில் பிளஸ் டூ கல்விமுறை 1978இல் தொடங்கியபோதே தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்தது. பத்தாம் வகுப்பில் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களுக்கான இடம் என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது, இன்றுவரை உதிரவில்லை. எங்கள் பிரிவில் அலுவலக மேலாண்மை, கணக்கியல், தட்டச்சு ஆகியவற்றைப் படிக்கிறார்கள். கோப்பு என்றால் என்ன, விலைப்புள்ளி என்றால் என்ன என்று கேட்டால் வரி பிசகாமல் சொல்வார்கள். ஆனால் வேலைக்குப் போன பழைய மாணவர்களைப் பற்றி உள்ளூர் அச்சக உரிமையாளர்கள் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்ன குறை வேறு: "பிள்ளைகள் நன்றாக வேலை செய்கிறார்கள் டீச்சர். ஆனால் ஒன்று கெட்டுப்போனால் கடைசிவரை வாயைத் திறப்பதில்லை."

அந்தக் குறையை மனத்தில் வைத்துத்தான் 2023 ஜூனில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் 29 பேரைக் கொண்டு ஒரு மாதிரி அலுவலகம் நடத்தத் திட்டமிட்டேன். பெண்கள் 17 பேர், ஆண்கள் 12 பேர். பெரும்பாலோரின் பெற்றோர் அச்சகத்திலோ தீப்பெட்டி ஆலையிலோ பட்டாசு ஆலையிலோ கூலிக்குப் போகிறவர்கள். கைவேலையின் அருமையை வீட்டிலேயே பார்த்து வளர்ந்த இந்தப் பிள்ளைகள், மேசைக்குப் பின்னால் நடக்கும் வேலையை மட்டும் பார்த்ததில்லை.

இந்த முறை உலகத்துக்குப் புதிதன்று. ஆஸ்திரியாவின் வணிகப் பள்ளிகளில் மாணவர்களே நடத்தும் பயிற்சி நிறுவனம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவில் விர்ச்சுவல் எண்டர்பிரைசஸ் என்ற அமைப்பு 1996இல் நியூயார்க்கில் தொடங்கியது. அங்கெல்லாம் ஒரு பள்ளியின் மாதிரி நிறுவனம் இன்னொரு பள்ளியின் மாதிரி நிறுவனத்தோடு கொடுக்கல் வாங்கல் நடத்துகிறது. பணமும் சரக்கும் கற்பனை. கடிதம், பட்டியல் (பில்), தவணைத் தேதி எல்லாம் உண்மை. நான் எடுத்துக்கொண்டதும் இந்த ஒரு கருத்தைத்தான்: கடிதத்தைப் படிக்க வெளியே ஒரு நிஜ ஆள் இருக்க வேண்டும். ஆசிரியர் திருத்துவதற்காக எழுதுகிற கடிதம் எத்தனை ஆனாலும் தேர்வுத்தாள்தான்.

அலுவலகம் அமைந்த விதம்

சிவகாசிக்குத் தெரிந்த தொழிலையே எடுத்துக்கொண்டோம்: கடைப் பெயர் அச்சிட்ட தினசரி காலண்டர், மாத காலண்டர், பள்ளி நோட்டு. விற்பனை, கொள்முதல், கணக்கு, தபால் என்று நான்கு பிரிவுகள். பக்கத்து ஊர் அரசுப் பள்ளியின் தொழிற்கல்வி வகுப்பு வாடிக்கையாளர் நிறுவனங்களாக இருக்க ஒப்புக்கொண்டது. காகிதம் தரும் கடையாக எங்கள் கணினி ஆசிரியர் இருந்தார். வங்கியும் மேலாளரும் நான். இந்த இரட்டை வேடத்தைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாரத்தில் செய்முறை வகுப்புகள், அதோடு வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளை. இதற்குமேல் தலைமையாசிரியர் தரவில்லை. பொதுத்தேர்வு வகுப்பு என்பதால் அவருடைய தயக்கத்தில் நியாயம் இருந்தது. மாணவர்களிடம் இலவச மடிக்கணினி இல்லாத ஆண்டு அது. பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் மற்ற வகுப்புகள் விட்ட நேரத்தில் தட்டச்சு செய்தோம், மற்றவை கையெழுத்தில். இரண்டு பள்ளிகளுக்கும் இடையே கடிதங்கள் அந்த ஊரிலிருந்து பஸ்ஸில் வரும் ஓர் ஆசிரியர் கையில் போய் வந்தன. காலையில் கொடுத்தால் மறுநாள் பதில். இந்த ஒரு நாள் தாமதம் நன்மையாகவே முடிந்தது. காத்திருப்பதும் நினைவூட்டு எழுதுவதும் அலுவலக வேலையின் பாதி.

ஆடி 18 அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பங்களை வெளியிடுவார்கள். அந்த நாளையே எங்கள் நிறுவனத்தின் தொடக்க நாளாக வைத்தோம். அதற்கு முந்தைய வாரம் ஓர் அச்சகத்துக்கு மாணவர்களை அழைத்துச் சென்றேன். அங்கே மேற்பார்வையாளர், அச்சிடும் முன் சரிபார்க்கத் தரும் புரூஃப் தாள் ஒன்றைக் காட்டினார். மளிகைக் கடையின் பெயர், முகவரி, தொலைபேசி எண். கீழே கடைக்காரரின் கையெழுத்து. எண்ணில் ஓர் இலக்கம் பிசகியிருந்ததைக் கடைக்காரரும் பார்க்கவில்லை, அச்சகத்திலும் பார்க்கவில்லை. ஆயிரம் காலண்டர் அச்சாகிவிட்டது. "அந்தக் கையெழுத்து இருந்ததால் நஷ்டம் கடைக்காரருக்கு. கையெழுத்து வாங்காமல் விட்டிருந்தால் எங்களுக்கு" என்றார். பாடப்புத்தகத்தில் ஒப்புதல் என்று இருந்த சொல்லின் பொருள் பிள்ளைகளுக்கு அன்றுதான் விளங்கியது.

முதல் எட்டு வாரங்களில் கண்டவை

முதலில் கண்ணில் பட்டது கடிதங்கள். காகிதம் அனுப்பத் தாமதமானது ஏன் என்று கேட்டுக் கடைக்கு எழுதச் சொன்னால், வந்தது விடுப்பு விண்ணப்பம். அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா, "தாங்கள் தயவுகூர்ந்து எங்கள் நிலையைக் கருத்தில் கொண்டு காகிதத்தை அனுப்பிவைக்குமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்." முன்பணம் கொடுத்துவிட்ட வாடிக்கையாளர் எழுதும் கடிதம் இது. எத்தனை ரீம், எந்தத் தேதிக்கு வர வேண்டியது, எத்தனை நாள் தாமதம், ஒன்றும் இல்லை. ஆறாம் வகுப்பு முதல் இவர்கள் எழுதிய கடிதம் எல்லாம் மன்னிப்பையோ அனுமதியையோ கேட்டு எழுதியவை. தனக்கு உரிமையானதைக் கேட்டு ஒரு கடிதம்கூட இவர்கள் எழுதியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதை எழுதவைக்காதவர்களில் நானும் ஒருத்தி.

இரண்டாவது, வேலை பிரிந்த விதம். யாருக்கு எந்தப் பிரிவு என்பதை அவர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டேன். கொள்முதலும் விற்பனையும் ஆண்களிடம் போயின. தட்டச்சும் தபாலும் பெண்களிடம். வகுப்பிலேயே கணக்கில் தேர்ந்த மாணவி தபால் வரவுப் பதிவேட்டில் எண் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது வாரத்தில் அவளை நானே கணக்குப் பிரிவுக்கு மாற்றினேன்.

மூன்றாவதைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். யார் யாரை நீ என்று அழைக்கிறார்கள், யாரை நீங்கள் என்கிறார்கள் என்று இரண்டு வாரம் குறித்துவைத்தேன். நண்பர்களுக்குள் வாடா போடா இயல்பு. அதில் பேச ஒன்றுமில்லை. ஆனால் பிரிவுத் தலைவராக இருந்த ஒரு மாணவனை இரண்டு பேர் மட்டும் எல்லார் முன்னாலும் ஏவலாள் போல அழைத்தார்கள். அவன் அவர்களை அண்ணன் என்றான். மூவருக்கும் ஒரே வயது. எந்தத் தெருவிலிருந்து யார் வருகிறார்கள் என்பது தெரிந்தவர்களுக்கு இதில் புதிர் இல்லை.

ஐந்நூறு ஐயாயிரம் ஆனது

அக்டோபரில், காலாண்டு விடுமுறை முடிந்து வந்ததும், வாடிக்கையாளர் பள்ளியிடமிருந்து 500 தினசரி காலண்டருக்கு ஆர்டர் வந்தது. விற்பனைப் பிரிவு ஆர்டர் பதிவேட்டில் 500 என்றே எழுதியது. அங்கிருந்து கொள்முதலுக்குப் போன சீட்டில் 5000 ஆகிவிட்டது. கொள்முதல் மாணவன் 5000 காலண்டருக்கான அட்டையும் காகிதமும் வாங்க ஆர்டர் அனுப்பினான். கணினி ஆசிரியரும் கடைக்காரராக அதை ஏற்றுப் பட்டியல் அனுப்பினார்.

கணக்குக்கு மாற்றிய அந்த மாணவி மறுநாளே இதைக் கண்டுபிடித்துவிட்டாள். ஆர்டரையும் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்திருக்கிறாள். கொள்முதல் மாணவனிடம் கேட்டாள். அவன், "டீச்சரிடம் சொல்லாதே, நான் சரிசெய்கிறேன்" என்றான். அன்றே கடைக்கு ஒரு வரி எழுதியிருந்தால் ஆர்டரைத் திருத்தியிருக்கலாம். கணினி ஆசிரியர் அதற்குத் தயாராகத்தான் இருந்தார். ஒருவரும் எழுதவில்லை. நான்கு பேருக்குத் தெரிந்த செய்தி 11 நாட்கள் மேலாளர் மேசைக்கு வராமல் இருந்தது.

மாதக் கடைசியில் வங்கிக் கணக்கு இடித்தது. பதிவேட்டை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். ஆர்டர் எண்ணிக்கை இருந்த கட்டத்தில் வெள்ளை மை தடித்துக் காய்ந்திருந்தது. நகத்தால் மெல்லச் சுரண்டியதும் அடியில் 500 தெரிந்தது. மேலே 5000 என்று எழுதியிருந்தார்கள். தவறான சீட்டைத் திருத்துவதை விட்டு, சரியாக இருந்த பதிவேட்டைத் தவறுக்கு ஏற்ப மாற்றியிருக்கிறார்கள்.

அப்போது நான் செய்தது தவறு. அந்த நான்கு பேரையும் எழுப்பி நிற்கவைத்தேன். பதிவேட்டை எல்லாருக்கும் காட்டி, இதற்காகவா இத்தனை பாடுபடுகிறேன் என்று கேட்டேன். பத்து நிமிடத்துக்குக் குறையாமல் பேசியிருப்பேன். மேலாளராக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, பேசியதெல்லாம் ஆசிரியை. கொள்முதல் மாணவன் அடுத்த மூன்று நாட்கள் பள்ளிக்கு வரவில்லை.

அந்த வாரப் பணிக் குறிப்பேட்டில் கணக்கு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: "சொன்னால் அவனை மாட்டிவிட்டவள் ஆவேன் என்று நினைத்தேன். சொல்லாததும் தப்பு என்று தெரியவில்லை. யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை." கடைசி வரியைப் பலமுறை படித்தேன். பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பில் இவளுக்குத் தெரிந்த ஒரே புகார், ஒருவரை மாட்டிவிடுவது. தவறைத் தெரிவிப்பது வேறு, ஆளைக் காட்டிக்கொடுப்பது வேறு என்று பிரித்துச் சொல்ல அவளுக்கு ஒரு வழியையும் நாங்கள் ஏற்படுத்தித் தரவில்லை. அவளும் அவனும் மறைத்தது பயத்தால். அந்தப் பயத்தை அன்றைக்கு எல்லார் முன்னிலையிலும் நான் உறுதிப்படுத்திவிட்டேன்.

எடுத்த முடிவுகள்

மூன்றாம் நாள் மாலை அந்த மாணவனின் வீட்டுக்குப் போனேன். திட்டியது தவறு என்று அவன் தாயார் முன்னிலையிலேயே சொன்னேன். அவன் மறுநாள் வந்தான். வகுப்பிலும் அதையே சொன்னேன்.

அடுத்து, மேலாளர் பதவியிலிருந்து விலகினேன். மதிப்பெண் போடுகிற கையும் மேலாளரின் கையும் ஒன்றாக இருக்கும்வரை கெட்ட செய்தி மேலே வராது. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்த ஒரு பெற்றோரின் தந்தை, காலண்டர் அச்சகம் ஒன்றில் பல ஆண்டு மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமைகளில் வர இசைந்தார். மாணவர்கள் அவரைத் தாத்தா என்று அழைக்கத் தொடங்கினார்கள். "இங்கே நான் மேலாளர்" என்று சொல்லி அதை ஐயா ஆக்கிக்கொண்டார். முதல் நாளே அவர் சொன்னது இது: "தவறு வரத்தான் செய்யும். அது எத்தனை மணிக்கு என் மேசைக்கு வந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்."

அந்தப் பேச்சிலிருந்துதான் பிழைப் பதிவேடு பிறந்தது. ஐந்து பத்திகள்: என்ன பிழை, எப்போது தெரிந்தது, எப்போது தெரிவிக்கப்பட்டது, யாரைப் பாதிக்கும், இப்போது என்ன செய்கிறோம். யார் செய்தது என்ற பத்தி இல்லை. அது வேண்டும் என்று தலைமையாசிரியர் சொன்னார்; ஓர் ஆண்டு இப்படியே பார்ப்போம் என்று கேட்டுப் பெற்றேன். முதல் பதிவு என்னுடையது. வங்கியாக இருந்தபோது ஒரே காசோலையை இரண்டு முறை பற்று வைத்திருந்தேன். தெரிந்தது திங்கட்கிழமை, தெரிவித்தது வெள்ளிக்கிழமை என்று மறைக்காமல் எழுதினேன். வெள்ளை மையை அலுவலகத்திலிருந்து அகற்றினோம். பிழையான எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான எண், சுருக்கொப்பம், தேதி. கணக்கு எழுதுவோர் காலங்காலமாகச் செய்வது இதுதான்.

கடிதத்துக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்தோம்: தயவுகூர்ந்து, தாழ்மையுடன் ஆகிய இரண்டு சொற்களும் கூடாது. என்ன நடந்தது, எங்களுக்கு என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள், இவை மூன்றும் இருந்தால் போதும். மரியாதைக்கு வணக்கமும் நன்றியும் உண்டு. முதல் வாரம் பிள்ளைகள் திணறினார்கள். அந்தச் சொற்களை எடுத்துவிட்டால் திமிராகத் தெரியுமோ என்று ஒரு மாணவி கேட்டாள். ஐயா தம் பழைய கோப்பிலிருந்து காகித ஆலை ஒன்றுக்கு எழுதிய கடித நகலைக் கொண்டுவந்து காட்டினார். நான்கே வரி. அதில் கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை.

அலுவலக நேரத்தில் எல்லாரும் எல்லாரையும் நீங்கள் என்றே அழைக்க வேண்டும் என்றும் முடிவு செய்தோம். இரண்டு வாரம் சிரிப்பு. பிறகு பழகிவிட்டது. பிரிவுகளை மாதம் ஒருமுறை சுழற்றினோம்; தலைமைப் பொறுப்பு சீட்டுக் குலுக்கலில்.

வருகை பற்றிய முடிவுதான் கடினமாக இருந்தது. தொடக்கத்தில் வராத நாளுக்குக் கற்பனைச் சம்பளத்தில் பிடித்தம் செய்தோம். தீபாவளிக்கு முன் ஒரு மாணவி வாரக்கணக்கில் வரவில்லை. தாய்க்குக் கூடுதல் வேலை நேரம். தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. காகிதப் பணம்தான் என்றாலும் அவளுடைய சம்பளச் சீட்டில் மிகக் குறைந்த தொகை வந்தபோது முகம் வாடியதைப் பார்த்தேன். அதன்பின் சொல்லாமல் வராததற்கு மட்டுமே பிடித்தம். முன்னாலேயே தெரிவித்து, தன் வேலையை யார் பார்ப்பார் என்றும் சொல்லிவிட்டால் பிடித்தம் இல்லை.

பின் நடந்தவை

பிழைப் பதிவேட்டில் பிப்ரவரி வரை 23 பதிவுகள். நவம்பரில் தெரிந்ததற்கும் தெரிவித்ததற்கும் இடையே மூன்று நான்கு நாட்கள். ஜனவரியில் பெரும்பாலானவை அதே நாள். எல்லாரும் மாறிவிடவில்லை. ஒரு மாணவன் கடைசிவரை ஒரு பிழையைக்கூட எழுதவில்லை. அவன் பிரிவின் பிழைகளைப் பிறர் எழுதினார்கள்.

டிசம்பர் பதிவு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. கேரள வாடிக்கையாளர் ஒருவருக்கான பட்டியலில் மத்திய ஜிஎஸ்டி, மாநில ஜிஎஸ்டி என்று வரியை இரண்டாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். வேறு மாநிலத்துக்குப் போகும் சரக்குக்கு ஒருங்கிணைந்த ஜிஎஸ்டிதான் வர வேண்டும். மொத்தத் தொகை ஒன்றாகவே இருப்பதால் பார்த்தவுடன் பிடிபடாது. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு; வாடிக்கையாளரின் எண் 32 என்று தொடங்குவதையும் நம்முடையது 33 என்று தொடங்குவதையும் கவனித்துப் பிடித்தவன், அக்டோபரில் மூன்று நாள் பள்ளிக்கு வராதிருந்த அதே மாணவன். பட்டியல் போட்டவனும் அவனேதான். பட்டியல் ஏற்கெனவே போய்விட்டது. பகல் 11.40க்குத் தெரிந்தது, 11.55க்குத் தெரிவிக்கப்பட்டது என்று அவன் கையெழுத்தில் இருக்கிறது. கீழே திருத்திய பட்டியலோடு போன கடிதத்தின் நகல். நான்கு வரி.

எதிர்ப்பும் இருந்தது. பிள்ளைகள் மற்ற வகுப்புகளிலும் ஏன், எப்போது என்று கேட்கிறார்கள் என்று இரண்டு ஆசிரியர்கள் வருந்தினார்கள். ஒரு தந்தை நேரில் வந்து, "கணக்கு எழுதக் கற்றுக்கொடுங்கள் டீச்சர். என் மகள் எதிர்த்துப் பேசக் கற்றுக்கொண்டு வருகிறாள்" என்றார். வீட்டுச் செலவில் வட்டிக்குப் போகும் தொகை எவ்வளவு என்று மகள் கேட்டிருக்கிறாள். அவர் கோபத்தில் அவமானமும் கலந்திருந்தது. மாதிரி அலுவலகம் பற்றித் தொடக்கத்திலேயே பெற்றோர்களைக் கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும் என்று அன்று உணர்ந்தேன்.

பொதுத்தேர்வில் 29 பேரும் தேர்ச்சி பெற்றார்கள். இந்தப் பயிற்சிதான் காரணம் என்று சொல்லமாட்டேன். முந்தைய ஆண்டும் தேர்ச்சி நன்றாகவே இருந்தது.

கணக்கு மாணவி பி.காம். சேர்ந்தாள். கொள்முதல் மாணவன் லாரி புக்கிங் அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். இரண்டாம் வாரமே லாரி ரசீது எண்ணை மாற்றி எழுதிவிட்டதாகவும், வண்டி கிளம்பும் முன்பே முதலாளியிடம் சொல்லிவிட்டதாகவும் வந்து சொன்னான்.

இன்னொரு மாணவியின் அனுபவம் வேறு. ஒரு சிறு நிறுவனத்தில் பட்டியல் போடும் வேலை. அனுப்பிய சரக்கும் பட்டியலும் ஒத்துப்போகவில்லை என்பதைப் பார்த்து அன்றைக்கே சொல்லியிருக்கிறாள். அந்த வேறுபாடு பிழையன்று, அங்கே வழக்கம். எல்லார் முன்னிலையிலும் திட்டு வாங்கினாள். ஒரு மாதத்தில் வேலையை விட்டுவிட்டாள். "நீங்கள் சொன்னபடிதான் செய்தேன் டீச்சர்" என்று அவள் சொன்னதில் குற்றச்சாட்டு இல்லை. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அடுத்த முறை மாற்றுவது

முதல் நாளிலிருந்தே மேலாளர் வெளியாள். ஜூனிலேயே பெற்றோர் கூட்டம், அதில் பிழைப் பதிவேட்டின் மாதிரிப் பக்கம். தொடக்கத்திலேயே சுழற்சி முறை. வாடிக்கையாளர் பள்ளி மாணவர்களையும் ஓர் அச்சகத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும்; அவர்கள் போட்ட ஆர்டர்களில் பாதி, காலண்டர் அளவோ அட்டை விவரமோ இல்லாமல் வந்தன.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் அந்த மாணவியின் பொருட்டு. நாங்கள் நடத்தியது கெட்ட செய்தியைப் பொறுமையாகக் கேட்கும் அலுவலகம். எல்லா அலுவலகமும் அப்படி இருக்காது என்பதைக் கற்பிக்கவில்லை. வரும் ஆண்டில் இரண்டு வாரத்துக்குக் கடுமையான மேலாளர் ஒருவரை ஐயாவே நடித்துக் காட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். தவறை வாயால் மட்டும் சொல்லாமல் எழுத்தில் கொடுப்பது, தேதி போட்டு நகல் வைத்துக்கொள்வது, எது பிழை எது ஏமாற்று என்று பிரித்தறிவது, ஏமாற்று என்று தெரிந்தால் அதில் தன் சுருக்கொப்பம் இல்லாமல் பார்த்துக்கொள்வது, வீட்டில் யாரிடம் முதலில் பேசுவது, சம்பளப் பாக்கியை வாங்கிக்கொண்டு எப்படி விலகுவது: இவற்றுக்கான பாடக் குறிப்பை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த மாணவி இரண்டு வெள்ளிக்கிழமை வந்து தன் அனுபவத்தைத் தானே சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.